மருவூர்ப்பாக்கம் எங்கே?

(தஞ்சையில் தமிழன்பர்கள் கூடிய திங்கள் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பூம்புகாரைப் பற்றிப் பேசுக என்று என்னைப் பணித்தீர்கள். பூம்புகார் என்றவுடன் நம் மேடைகளில் இரண்டு நிகழும். ஒன்று, பழம்பெருமை பேசுதல். மற்றொன்று, கடல் கொண்டுவிட்டதே என்று கண்ணீர் விடுதல். இரண்டும் எளியவை. இரண்டையும் நானே பலமுறை செய்திருக்கிறேன். இன்று அவ்விரண்டையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அந்நகரின் ஒரு பகுதியை மட்டும், கடலோரப் பகுதியாகிய மருவூர்ப்பாக்கத்தை மட்டும், உங்களோடு நடந்து பார்க்க விரும்புகிறேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களைப் பூம்புகாருக்கு அழைத்துச் சென்றேன். 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எழுநிலை மாடமாகிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காட்டினேன். கண்ணகி கதையைக் கல்லில் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். பின்பு கடற்கரைக்குப் போனோம். அங்கே எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் கையைப் பற்றி, "ஐயா, மருவூர்ப்பாக்கம் எங்கே?" என்று கேட்டான். நான் கடலைக் காட்டினேன். அவன் கடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் இலக்கியம் கற்பித்த என்னால் ஒரு பிள்ளைக்குக் கையை நீட்டிக் கடலைக் காட்டுவதைத் தவிர வேறு விடை சொல்ல இயலவில்லையே என்று அன்று நாணினேன். அந்த மாணவனுக்கு அன்று சொல்லாமல் விட்ட விடையே இன்றைய என் உரை.

நகரின் அமைப்பு

காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் இருந்த ஊர் ஆதலின் புகார் என்றும், காவிரிப்பூம்பட்டினம் என்றும் அதனை அழைத்தனர். இன்று அவ்விடம் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. 2020ஆம் ஆண்டு வரை நாகை மாவட்டத்திலும், 1991ஆம் ஆண்டு வரை நம் தஞ்சை மாவட்டத்திலும் இருந்தது. மாவட்டங்கள் பிரியலாம், ஆறு பிரிவதில்லை. நம் வயலில் பாய்ந்த காவிரிதான் அங்கே கடல் சேர்கிறது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் இளங்கோவடிகள் அந்நகரை இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறார். கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். அதற்கு மேற்கே, உள்நாட்டுப் பக்கம், பட்டினப்பாக்கம். பட்டினப்பாக்கத்தில் அரசர் தெருவும் தேரோடும் தெருவும் பெருவணிகர் மாடங்களும் இருந்தன. இவ்விரண்டு பாக்கங்களுக்கும் நடுவே சோலை ஒன்று. அச்சோலையின் மரங்களையே தூண்களாகக் கொண்டு நாளங்காடி என்னும் பகற்சந்தை நடந்தது.

பாக்கம் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். கடற்கரை ஊரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் அது. சென்னையைச் சுற்றிலும் எத்தனையோ பாக்கங்கள் இன்றும் உள்ளன. அங்கே குடியிருப்போருள் பலர், தாம் சங்கத் தமிழ்ச் சொல் ஒன்றில் குடியிருக்கிறோம் என்பதை அறியார்.

மருவூர்ப்பாக்கத்துத் தெருக்கள்

இனித் தெருவுக்குள் நுழைவோம். முதலில் கண்ணிற் படுபவை திறந்த நிலாமுற்றங்களை உடைய மாடங்கள். சரக்கு அடுக்கிய அறைகள். மானின் கண்போன்ற சாளரங்களை உடைய மாளிகைகள். அடுத்து, காண்பவர் கண்ணை அகலவிடாத யவனர் இருப்பிடங்கள். அவற்றை அடுத்து, கடல்வழி வாணிகத்தின் பொருட்டுத் தம் நாட்டை விட்டு வந்த பல மொழியினர் ஒருவரோடொருவர் கலந்து இனிது வாழ்ந்த நீர்க்கரைக் குடியிருப்பு.

அதற்குப் பின் அடிகள் நம்மைத் தொழிலாளர் தெருக்களுக்கு அழைத்துச் செல்கிறார். வண்ணக் குழம்பும் நறுமணப் பொடியும் சாந்தும் பூவும் விற்போர் திரியும் தெரு. பட்டிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நெய்யும் கைவினைஞர் இருக்கை. பவளமும் முத்தும் மணியும் பொன்னும் குவிந்த தெரு. பலவகைத் தவசங்களைத் தனித்தனியே குவித்து வைத்த கூலத் தெரு. பிட்டு விற்பவர், அப்பம் விற்பவர், கள் விற்பவர், மீன் விற்கும் பரதவர், வெள்ளுப்பு விற்பவர், வெற்றிலை விற்பவர், எண்ணெய் விற்பவர், இறைச்சி விற்பவர். வெண்கலக் கன்னார், செம்பு வேலை செய்வோர், மரத்தச்சர், கருங்கைக் கொல்லர், ஓவியர், சுதையுருச் செய்வோர், பொற்கொல்லர், மணி வேலை செய்வோர், துணி தைப்போர், தோல் தைப்போர், துணியாலும் நெட்டியாலும் பூவும் பாவையும் செய்வோர். குழலிலும் யாழிலும் பிழையின்றி இசைக்கும் பாணர்.

பெரியீர், இந்தப் பட்டியலை நாம் பள்ளியில் மனப்பாடப் பகுதியாகக் கொடுத்து, மதிப்பெண் கேட்டு, பிள்ளைகளை வெறுக்கச் செய்துவிட்டோம். இதில் பொதிந்துள்ள உண்மையை ஒருமுறை உற்று நோக்குங்கள். அரசனையும் அரசியையும் கோயிலையும் பாட வேண்டிய பெருங்காப்பியம், முதற்கண் தோல் தைப்பவனையும் உப்பு விற்பவளையும் தெருவோடு பெயர் சொல்லி நிறுத்துகிறது. அரண்மனை இருந்த பட்டினப்பாக்கத்தைப் பின்னே வைத்து, உழைப்பவர் வாழ்ந்த மருவூர்ப்பாக்கத்தை முன்னே வைக்கிறது. அவர்கள் அத்தனை பேர் வாழ்ந்த இடத்தைக் குற்றமற்ற இடம் என்று முடிக்கிறது. மேல், கீழ் என்று தொழிலைப் பகுத்து மனிதனைத் தாழ்த்தும் நோய் பிற்காலத்தில் நம்மைப் பற்றியது. மருவூர்ப்பாக்கத்துப் பட்டியலில் அந்த நோயின் நாற்றம் இல்லை.

துறைமுகமும் விளக்குகளும்

கரிகாலன் காலத்துப் புகாரைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காட்டுகிறார். 301 அடிகள் கொண்ட அப்பாட்டின் பெரும்பகுதி இந்தத் துறைமுகத்தைப் பற்றியதே. கடல்வழி வந்த குதிரைகள், மூட்டை மூட்டையாக மிளகு, வடமலைப் பொன்னும் மணியும், மேற்குமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கைப் பொருள், காவிரிப் பொருள், ஈழத்து உணவு, காழகத்துப் பண்டம் என்று உலகத்தின் நான்கு மூலையும் அங்கே வந்து இறங்கின. இறக்கிய பொருளுக்கும் ஏற்றிய பொருளுக்கும் சோழனின் புலி முத்திரை பொறிக்கப்பட்டது. நாம் இன்று சுங்கம் என்று சொல்வதற்கு அவர்கள் உல்கு என்று பெயர் வைத்திருந்தனர். உல்கு தண்டுவோர் வேலையில் சோர்வறியாதவர் என்றும், வணிகர் வாங்கும்போது மிகுத்து வாங்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் நடந்தனர் என்றும் அப்புலவர் பாராட்டுகிறார்.

நெல் விளையும் நாட்டினராகிய நாம் மறக்கக் கூடாத காட்சி ஒன்றும் அதில் உண்டு. கடற்கரை உப்பை உள்நாட்டில் விற்று, அதற்கு மாற்றாக நெல்லை ஏற்றி வந்த படகுகள், கட்டிய குதிரைகளைப் போல வரிசையாகக் கழியோரம் நின்றனவாம். துறைமுகத்தின் பின்னே நம் வயல் இருந்தது. வயலின் முன்னே அந்தத் துறைமுகம் இருந்தது. ஒன்று இன்றி மற்றொன்று இல்லை.

இரவுக் காட்சியோ இன்னும் அழகியது. கடலாடு காதையில் கோவலனும் மாதவியும் கடற்கரைக்குச் செல்லும்போது மணற்பரப்பெங்கும் விளக்குகள். சந்தனம் விற்பவர் விளக்கு ஒரு பக்கம். பொன்வேலை செய்வோர் விளக்கு ஒரு பக்கம். பிட்டும் அப்பமும் விற்பவர் விளக்கு. மீன் விற்பவர் விளக்கு. கடலில் வலைவிரித்த பரதவர் திமிலின் விளக்கு. சரக்குக் காவலர் விளக்கு. வேற்றுமொழியாளர் இரவெல்லாம் அணையாது ஏற்றிய விளக்கு. இவற்றுக்கெல்லாம் மேலே, கலங்களைக் கரைக்கு அழைக்கும் கலங்கரை விளக்கம். இன்று நாம் கலங்கரை விளக்கம் என்று எழுதும்போது, அச்சொல்லை யாரும் அண்மையில் ஆக்கித் தரவில்லை என்பதை நினைவிற் கொள்க. அது அந்தக் கரையில் வழங்கிய சொல்.

பல மொழி கேட்ட தெருவில் தமிழ்

இங்கேதான் நான் சொல்ல வந்த கருத்து இருக்கிறது. பல மொழி பேசுவோர் கூடிய இடத்தில் தாய்மொழி தேயும் என்று சிலர் சொல்வர். வணிகம் வேண்டுமாயின் வணிகனின் மொழிக்கு மாற வேண்டும் என்பர். மருவூர்ப்பாக்கம் இதற்கு விடை சொல்கிறது. கிரேக்கரும் உரோமரும் பிறரும் அங்கே வந்து குடியிருந்தனர். அவர்களை யாரும் விரட்டவில்லை; வெறுக்கவில்லை. அவர்கள் கலந்து இனிது வாழ்ந்தனர் என்றுதான் அடிகள் கூறுகிறார். ஆயினும் அவர்களின் பொருட்டு நாளங்காடி தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கூலத் தெரு கூலத் தெருவாகவே இருந்தது. உல்கு உல்காகவே இருந்தது. வந்த பண்டத்தோடு வந்த சொல் ஓரிரண்டு தங்கியிருக்கலாம். எந்தத் துறைமுகத்துக்கும் அது இயல்பு. வீட்டுக்கு விருந்தினர் வருவதும், விருந்தினர் பெயரை வீட்டுக்கே வைத்துவிடுவதும் ஒன்றல்ல.

இன்னும் கேளுங்கள். அந்தக் காலத் தமிழர் அயல்நாட்டுக்குச் சென்றபோதும் தம் எழுத்தையும் சொல்லையும் உடன் கொண்டு சென்றனர். செங்கடற் கரையில், எகிப்து நாட்டுக் குசீர் என்னும் பழந்துறைமுகத்தில் கிடைத்த ஈராயிரம் ஆண்டுப் பழைமையான பானை ஓட்டில் 'பானை ஒறி' என்னும் தமிழ்ச்சொல் தமிழி எழுத்தில் உள்ளது. பானை தொங்கவிடும் உறியைக் குறித்தது அது. தாய்லாந்தின் தென்பகுதியில் பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் ஒன்று கிடைத்தது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினதாகிய அதில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் பொறித்திருக்கிறது. பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லனின் உரைகல் என்பது பொருள். அவன் எந்த ஊரினன் என்று கல் சொல்லவில்லை. நாமாகப் புகாரினன் என்று முடிகட்டவும் வேண்டா. ஆனால் மருவூர்ப்பாக்கத்துப் பொற்கொல்லர் தெருவை நினைக்கும்போது, கடல் கடந்தும் தன் கருவியில் தன் மொழியில் பெயர் பொறித்துக்கொண்ட அந்தத் தொழிலாளி என் கண்முன் நிற்கிறான்.

இப்போது நம் தஞ்சையின் கடைத்தெருவுக்கு வாருங்கள். யவனன் எவனும் அங்கே இல்லை. வாங்குபவரும் தமிழர், விற்பவரும் தமிழர், விற்கும் பொருளும் பெரும்பாலும் நம் பொருள். பெயர்ப்பலகையோ நம் மொழியில் இல்லை. தமிழ் முதன்மையாக இருத்தல் வேண்டும் என்று விதி இருந்தும் இல்லை. அன்று அயலவன் வந்து வாழ்ந்தும் தமிழ் நின்றது. இன்று அயலவன் வாராமலே தமிழ் போகிறது. இதற்குக் கடலைக் குறை சொல்ல முடியுமா?

மண் சொன்ன சான்று

பாட்டை மட்டும் சான்றாக வைத்துப் பேசினால் கற்பனை என்று தள்ளிவிடுவர். மண்ணும் பேசியிருக்கிறது. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் இந்தியத் தொல்லியல் துறையினர் அப்பகுதியில் அகழ்ந்தனர். கீழையூரில், இன்றைய கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, பெருஞ்செங்கற்களால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. படகுகளைக் கட்ட நட்டிருந்த மரத்தூண்களும் கிடைத்தன. அம்மரத்தைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, அது கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவினது என்று தெரிந்தது. வானகிரியில் காவிரிநீரைத் தேக்கிய செங்கல் நீர்த்தேக்கமும் அதற்கு நீர் கொண்டுவந்த கால்வாயும் வெளிப்பட்டன. பல்லவனேச்சுரத்தில் புத்தப்பள்ளியின் அடித்தளமும், புத்தர் திருவடி பொறித்த கல்லும் கிடைத்தன. மணிமேகலை காட்டும் புத்தநெறி அங்கே வாழ்ந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?

அயலவர் ஏடுகளும் இதையே சொல்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் செலவு நூல் கமரா என்னும் துறைமுகத்தைக் குறிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டுத் தாலமி கபேரிசு என்னும் வணிகப் பட்டினத்தைக் குறிக்கிறார். இரண்டும் காவிரியின் பெயர் அயலார் நாவில் திரிந்த வடிவங்கள் என்பது அறிஞர் கருத்து.

ஊர்ப்பெயர்களும் ஏடுகளே. அப்பகுதியில் மணிக்கிராமம் என்றோர் ஊர் இன்றும் உள்ளது. மணிக்கிராமம் என்பது பழைய வணிகக் குழு ஒன்றின் பெயர். தாய்லாந்துத் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், அங்கே வெட்டிய குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாருக்கு விடப்பட்டுள்ளது. பேருந்தில் அவ்வூரைக் கடக்கும்போது நம்முள் எத்தனை பேர் தலைநிமிர்ந்து அப்பெயரைப் படித்திருக்கிறோம்?

அளந்து பேசுவோம்

இவ்விடத்தில் நம் நண்பர் சிலர்க்கு உவப்பில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. பொறுத்தருள்க. 1990களின் தொடக்கத்தில் கோவாவிலுள்ள கடலாய்வு நிறுவனத்தினர் பூம்புகார்க் கடலில் மூழ்கி ஆராய்ந்தனர். கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைக் குளம்படி வடிவில் ஓர் அமைப்பைக் கண்டனர். அது மனிதன் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அதற்குள் பூம்புகார்க்குப் பதினாயிரம் ஆண்டு என்றும் பதினையாயிரம் ஆண்டு என்றும் செய்தித்தாள்களில் எழுதுகின்றனர். நாமும் மேடையில் முழங்குகிறோம்.

தமிழ் தொன்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால்தான் சொல்கிறேன். மெய்யான தொன்மை உடையவன் பொய்ச்சான்று தேடமாட்டான். கீழையூர் மரத்தூண் ஒன்று கையில் இருக்கிறது. அதை ஒருவரும் மறுக்க முடியாது. மெய்ப்பிக்கப்படாத பதினையாயிரத்தைச் சொல்லி, மெய்ப்பிக்கப்பட்ட ஈராயிரத்து முந்நூறையும் பகைவர் நகைக்க விட்டுவிடுகிறோம். கீழடியில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வு உலகை நம் பக்கம் திருப்பியது என்றால், ஒவ்வோர் அடியாக, ஒவ்வோர் ஓடாக, கணக்கு வைத்துத் தோண்டியமையால்தான். உல்குத் துறையில் எடைபோட்டுப் புலி முத்திரை இட்ட மரபினர் நாம். சொல்லையும் எடைபோட்டே முத்திரையிடுவோம்.

கடல் ஒருநாளில் பொங்கி ஊரை விழுங்கியது என்று மணிமேகலை சொல்கிறது. பேரலை வந்திருக்கலாம், கரை சிறிது சிறிதாக அரிக்கப்பட்டும் இருக்கலாம். கடல் அரிப்பதைக் காண விரும்புவோர் தெற்கே தரங்கம்பாடிக்குச் செல்லலாம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதிகளைக் கடல் கொண்டுபோய், எஞ்சிய சிறு பகுதியை அலை மோதிக்கொண்டிருந்ததை நம் தலைமுறையே கண்டது.

ஆறும் மாறிவிட்டது. பாய் இறக்காமலும் சுமை குறைக்காமலும் பெருங்கலங்கள் நேரே நுழைந்த ஆற்றுவாய் என்று, சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று புகாரைக் காட்டுகிறது. இன்று அதே கழிமுகத்தில் கோடையில் சிறுவர் முழங்கால் நனைய நடந்து கடக்கின்றனர். 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை முடிந்தது. அதற்கு மேலே கருநாடகத்திலும் அணைகள். மிகைநீர் கொள்ளிடத்தில் போகிறது. எஞ்சியது வயலில் பிரிந்துவிடுகிறது. நீர் வாராத இடத்தில் வண்டலும் வாராது. வண்டல் வாராத கரையைக் கடல் தின்னும். ஆகவே காவிரி உரிமை என்பது நெல்லுக்கு மட்டும் உரிய வழக்கன்று; மருவூர்ப்பாக்கத்தின் எஞ்சிய மண்ணுக்கும் உரிய வழக்கு.

இன்றைய மருவூர்ப்பாக்கம்

2004ஆம் ஆண்டு திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நான்காம் நாள் நாங்கள் சிலர் அரிசியும் போர்வையும் கொண்டு அக்கரைக்குச் சென்றோம். முதியவர் ஒருவர் முட்புதரில் சிக்கிய வலையை ஒவ்வொரு கண்ணாகப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்து, "வீடு போச்சு வாத்தியாரே, வலை இருக்கு" என்றார். மருவூர்ப்பாக்கம் கடலில் இருக்கிறது என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன். அன்றுதான் அது கரையில் இருக்கிறது என்று எனக்கு ஐயம் தோன்றியது.

ஐயம் தெளிந்தது, நான் முதலில் சொன்ன அந்தப் பள்ளிச் செலவின்போதுதான். கையை நீட்டிக் கடலைக் காட்டிவிட்டு நாணத்தோடு நின்ற நான், அதை மறைக்கக் கடல்நீரோட்டம் பற்றி மாணவர்க்குப் பாடம் எடுக்கத் தொடங்கினேன். அருகில் சங்கு விற்றுக்கொண்டிருந்த மீனவச் சிறுவன் ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தவன், "அதுக்குப் பேரு நீவாடு சார்" என்றான். நான் திகைத்தேன். கற்றறிந்தவர்கள் கூடி 'நீரோட்டம்' என்று ஆக்கிக்கொண்டிருக்க, கடலில் இறங்குகிறவன் நாவில் நீவாடு என்று ஒரு சொல் ஆக்கப்படாமலே வாழ்கிறது. நான் மேலும் கேட்கக் கேட்க அவன் அடுக்கினான். வடக்கிருந்து வீசுவது வாடை. கிழக்கிருந்து வருவது கொண்டல். மேற்கிருந்து வருவது கச்சான். வலையில் விழுவது பாடு. படகோடு துள்ளி வருவது ஓங்கல். அதை நம் பாடநூல் 'டால்பின்' என்கிறது. 'சார்' என்ற ஒரு சொல்லைத் தவிர அவன் பேச்சில் அயற்சொல் இல்லை. அந்த ஒன்றையும் பள்ளிக்கூடத்தில் நாம்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

வாடையும் கொண்டலும் சங்கப் பாட்டில் உள்ள சொற்கள். அவற்றை நான் அகராதி பார்த்துப் படித்தேன். அவன் அப்பனிடம் கேட்டுப் படித்தான். நம் கட்டுமரத்தை ஆங்கிலேயன் பெயரோடு எடுத்துக்கொண்டு தன் மொழியில் வைத்துக்கொண்டான். நாமோ அந்த மரத்தின் உறுப்புகளுக்கு மீனவர் வழங்கும் பெயர்களை எழுதிவைக்கவும் இல்லை. கட்டுமரம் போய்க் கண்ணாடியிழைப் படகும் பொறியும் வந்துவிட்டன. பாய் போனால் பாயின் உறுப்புகளைக் குறித்த சொற்கள் போகும். கிழவர் ஒருவர் மறைந்தால் நூறு சொல் மறையும். கடல் கொண்ட மருவூர்ப்பாக்கத்தை மீட்க நம் கையில் ஆற்றல் குறைவு. நாவில் வாழும் மருவூர்ப்பாக்கம் நம் கண்முன்னே மூழ்குகிறது. இதைக் காக்க மூழ்கு கருவி வேண்டா. எழுதுகோலும் பணிவும் போதும்.

செய்ய வேண்டியவை

ஆகவே நான் உங்களிடம் வேண்டுவன நான்கு.

முதலாவது, கடற்கரை ஊர்ப் பள்ளிகளில் பணியாற்றும் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நூறு சொல்லேனும் மீனவரிடமும் உப்பளத்தாரிடமும் கேட்டு எழுதுக. சொல், பொருள், சொன்ன ஊர், எந்தத் தொழிலில் வழங்குவது என்று தனித்தனி அட்டையில் எழுதுக. உள்நாட்டில் இருப்போர் உழவர் சொற்களையும் அவ்வாறே தொகுக்க. புதுச்சொல் ஆக்குமுன் பழஞ்சொல் உயிரோடு இருக்கிறதா என்று கரைக்குச் சென்று கேட்க. தனித்தமிழ் இயக்கத்தின் பாதி வேலை அகராதியில் இல்லை. ஈர மணலில் இருக்கிறது.

இரண்டாவது, பிள்ளைகளைக் கலைக்கூடத்தோடு திருப்பி அழைத்து வராமல், கீழையூர்ப் படகுத்துறைக்கும் வானகிரிக்கும் பல்லவனேச்சுரத்துக்கும் நடத்திச் செல்க. செங்கல்லைக் கண்ட பிள்ளைக்குச் செய்யுள் தானே விளங்கும்.

மூன்றாவது, நிலத்திலும் கடலிலும் அகழாய்வு இடைவிடாது நடைபெற வேண்டும் என்றும், அதன் அறிக்கைகள் தமிழில் வெளிவர வேண்டும் என்றும் அரசைத் தொடர்ந்து வற்புறுத்துவோம். நம் மண்ணின் செய்தியை நாம் வேற்றுமொழியில் படிக்கும் நிலை இழிவு. அறிக்கை வரும்வரை, மெய்ப்பிக்கப்படாத ஆண்டுக்கணக்கை நம் மேடைகளில் சொல்லமாட்டோம் என்றும் உறுதி கொள்வோம்.

நான்காவது, இக்கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது அவரவர் தெருவின் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே செல்லுங்கள். உங்களுக்குப் பழக்கமான கடைக்காரர் ஒருவரிடமேனும், சண்டையிடாமல், அன்போடு, "ஐயா, மருவூர்ப்பாக்கத்தில் எல்லாக் கடைக்கும் தமிழ்ப்பெயர்தான், யவனர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்" என்று சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பில் என்னிடம் வினவிய அந்த மாணவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அண்மையில் அவனைக் கண்டபோது அவன் கேள்விக்கு விடை சொன்னேன். "தம்பி, அன்று நான் கையைத் தவறான பக்கம் நீட்டிவிட்டேன். உன் பின்னால் சங்கு விற்றுக்கொண்டிருந்தானே, அவனைக் காட்டியிருக்க வேண்டும்" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அவன் சொன்ன சொற்களை நான் அன்றே எழுதி வைத்திருக்கிறேன், ஐயா" என்றான்.

அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். பதினொரு சொற்கள். நம் வேலை அங்கே தொடங்கியிருக்கிறது. தொடர்வோம்.

வாழ்க தமிழ்!